உளமருத்துவப் பரீட்சையில் லோங் கேஸ் போய்விட்டது. வன்னியில் கதை கேட்கத் தெரிந்தவரை இனி எப்படிக் கண்டுபிடிப்பது?

பரந்தன் பிள்ளை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். நான் உளமருத்துவப் பயிலுநர். சொந்த இடம் பரந்தன், இப்போது வேலையும் வன்னிக்குள்தான். கொழும்பில் பட்டப்பின் படிப்பை முடிக்க வேண்டும், அதோடு எம்ஆர்சிசைக் என்கிற, உளமருத்துவர்களுக்கான பிரித்தானியப் பரீட்சைக்கும் படிக்கிறேன். கொஞ்ச நாளாக மனதில் கிடந்து உறுத்துகிற ஒன்றை இங்கே எழுதலாம் என்று நினைத்தேன்.

முதலில் பரீட்சை எப்படி மாறியது என்பதைச் சொல்லிவிடுகிறேன். முன்பு எம்ஆர்சிசைக்கில் லோங் கேஸ் இருந்தது. முன்பின் தெரியாத ஒரு நோயாளியுடன் ஒரு மணித்தியாலம் இருந்து அவருடைய கதையை முழுக்கக் கேட்க வேண்டும். பிறகு பரீட்சகர்கள் முன்னால் போய் அதைச் சொல்ல வேண்டும். 2008இல் அதை எடுத்துவிட்டார்கள். பதிலுக்கு காஸ்க் என்ற செய்முறைப் பரீட்சை வந்தது. அதில் 16 ஸ்டேஷன்கள், அதாவது அடுத்தடுத்துப் போகிற சின்னச் சின்னச் சோதனைகள், ஒவ்வொன்றிலும் ஏழு நிமிடப் பேச்சு, எதிரே இருப்பவர் நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்ற நடிகர். மணி அடித்தால் எழும்பி அடுத்த ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். எழுத்துப் பரீட்சையும் 2015இல் மூன்று தாளிலிருந்து இரண்டானது: தாள் ஏ, தாள் பி. 2020இல் கொரோனா வந்தபோது காஸ்க் திரைக்கு முன்னால் நடந்தது, பின்னர் மறுபடி நேரடியாக.

போன மாதம் கிளினிக்கில் ஒரு அம்மாவைப் பார்த்தேன். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) காஸ்க் பழக்கத்துக்காக மனதுக்குள் நேரம் பார்த்துக்கொண்டே கதைத்தேன். "என்னம்மா செய்யுது?" என்று கேட்டேன். "மாடு கறக்குதில்லை" என்றார். ஏழு நிமிடமும் மாட்டுக் கதைதான். பரீட்சையாக இருந்திருந்தால் மணி அடித்திருக்கும், நான் வெறும் கையோடு எழும்பியிருப்பேன். இருபதாவது நிமிடத்தில்தான் தெரிந்தது, அந்த மாட்டின் தாய் மாட்டுக்குப் பெயர் வைத்தது அவருடைய மகன். 2009க்குப் பிறகு அந்த மகனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. இரவு சோறு போடும்போது இன்றைக்கும் அவனுக்கும் ஒரு கோப்பை எடுத்து வைக்கிறார்.

ஏழு நிமிடத்தில் அந்த இடத்துக்குப் போகிற வழி எனக்குத் தெரியவில்லை. போகத் தெரிந்தவரைக் கண்டுபிடிக்கத்தானே பரீட்சை? இதைப் பற்றி உங்கள் கருத்துகளைச் சொல்லுங்கள்.

---

முறிகண்டி

நான் வைத்தியத் துறை இல்லை, பள்ளிக்கூட ஆசிரியர். ஆனால் அந்தக் கோப்பைச் சோற்றைப் பற்றி வாசித்ததும் எழுந்து போய் முற்றத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். எங்கள் ஒழுங்கையில் மட்டும் அப்படி இரண்டு வீடு இருக்கிறது. தொடர்ந்து எழுதுங்கள் தங்கச்சி, நான் வாசிக்கிறேன்.

---

பனங்காமத்தான்

பிள்ளை, உன் பதிவை இரண்டு தரம் வாசித்தேன். நான் அந்தப் பழைய லோங் கேஸை 90களில் லண்டனில் எடுத்துச் சித்தியடைந்தவன், முதல் தடவையில் அல்ல. இப்போது ஓய்வு. அதைப் பற்றி நல்லதும் கெட்டதும் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஒரு மணித்தியாலம் ஒரு மனிதரோடு தனியாக இருப்பது பெரிய விடயம், அதை மறுக்கமாட்டேன். ஆனால் அந்த ஒரு மணித்தியாலத்தில் நீ எப்படிக் கேட்டாய் என்பதைப் பரீட்சகர் பெரும்பாலும் பார்க்கவேயில்லை. கடைசியில் சில நிமிடம் நோயாளியை உள்ளே கூப்பிட்டு, "இதைக் கேட்டுக் காட்டு" என்பார்கள், அவ்வளவுதான். மற்றதெல்லாம் நீ வெளியே வந்து சொல்கிற கதைக்குத்தான் புள்ளி. நோயாளியை அதட்டி விவரம் எடுத்தவனும் நல்ல ஆங்கிலத்தில் ஒழுங்காகச் சொன்னால் சித்தி. பொறுமையாகக் கேட்டவன் சொல்லும்போது தடுமாறினால் போச்சு.

அடுத்தது அதிர்ஷ்டம். ஒருவருக்குக் கதைக்க விருப்பமுள்ள, தெளிவான மனச்சோர்வு நோயாளி கிடைப்பார். பக்கத்து அறையில் இருப்பவருக்கு வாயே திறக்காத ஒருவர். இருவரையும் ஒரே தராசில் நிறுப்பார்கள். முதல் தடவை எனக்குக் கிடைத்தவர் நாற்பது நிமிடம் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு நோயாளியை வைத்து ஒரு வைத்தியரின் தகுதியை அளக்க முடியாது என்பதுதான் அந்த முறையின் அடிப்படைக் குறை. 1975இல் டண்டீயில் ஹார்டன் என்பவர் ஒஸ்கி என்ற ஸ்டேஷன் பரீட்சை முறையைக் கொண்டுவந்ததற்கும் இப்படியான குறைகள்தான் காரணம். பல ஸ்டேஷன், பல பரீட்சகர், எல்லாருக்கும் ஒரே கேள்வி.

ஆனால் பிறகு வந்த ஆய்வாளர்கள் இன்னொன்றையும் காட்டினார்கள், அது உனக்குப் பயன்படும். நம்பகத்தன்மை வருவது ஏழு நிமிடம் என்ற வடிவத்தால் அல்ல. எத்தனை நோயாளர், எத்தனை பரீட்சகர், மொத்தம் எவ்வளவு நேரம் என்பதால்தான் வருகிறது. பத்து லோங் கேஸ் வைத்தால் அதுவும் ஒஸ்கி அளவுக்கு நம்பகமாக இருக்கும். பத்து வைக்கக் காசும் ஆளும் இல்லை என்பதுதான் நடைமுறைச் சிக்கல்.

---

விசுவமடு மகன்

நான் நோயாளியின் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். என் அம்மா பத்து வருடத்துக்கு மேலாகக் கிளினிக் போகிறார். எந்த வைத்தியசாலை என்று சொல்லவில்லை, அது தேவையும் இல்லை.

அங்கே பயிலும் வைத்தியர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒருவர் வந்து ஆறு மாதம் இருப்பார், அம்மாவும் அவரோடு ஒட்டிவிடுவார், அப்புறம் அவர் போய்விடுவார். புதிதாக வருகிறவர் கொப்பியைத் திறந்து, "முதலிலிருந்து சொல்லுங்கோ அம்மா" என்பார். முதலிலிருந்து என்றால் மாத்தளன், பொக்கணை, முள்ளிவாய்க்கால். என் தங்கச்சி எப்படிப் போனாள் என்பது. அம்மா சொல்லுவார், மரியாதைக்காகச் சொல்லுவார். அன்றிரவு நித்திரை கொள்ளமாட்டார், அடுத்த இரண்டு மூன்று நாள் சாப்பாடும் இல்லை.

ஒருமுறை மாணவர்கள் பழகுவதற்காக அம்மாவிடம் ஒரே காலையில் மூன்று பேர் அந்தக் கதையைக் கேட்டார்கள். அவர்கள் கெட்ட பிள்ளைகள் இல்லை. ஒரு பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கும்போதே அழுதது. ஆனால் அம்மா வீட்டுக்கு வந்து சொன்னார்: "இனி நான் அங்க போகேல்லை, என்ர பிள்ளையைத் திருப்பித் திருப்பிச் சாகக் குடுக்கேலாது."

அதனால் கேட்கிறேன் அக்கா. லோங் கேஸ் வேண்டும் என்கிறீர்கள். அந்த லோங் கேஸுக்கு உட்காரப்போவது யார்? என் அம்மா மாதிரி ஆட்கள்தானே? நடிகர் நடித்தால் அவர் வீட்டுக்குப் போய் நித்திரை கொள்வார்.

---

பரந்தன் பிள்ளை

தம்பி, இதை நான் யோசிக்கவேயில்லை, அது என் பிழைதான். பரீட்சார்த்தியின் கதிரையிலிருந்து மட்டும் பார்த்து எழுதிவிட்டேன். அம்மா இப்போது கிளினிக் போகிறாரா? முதலில் அதைச் சொல்லுங்கள், பரீட்சையைப் பிறகு கதைக்கலாம்.

---

விசுவமடு மகன்

போகிறார் அக்கா. ஒரு தாதி வீடு தேடி வந்து கதைத்துக் கூட்டிக்கொண்டு போனார். இப்போது அம்மாவின் கொப்பியில் முதல் பக்கத்திலேயே சுருக்கமாக எழுதி ஒட்டியிருக்கிறார்கள். புதிதாக வருகிறவர் அதை வாசித்துவிட்டு, "இது தெரியும் அம்மா, இப்ப எப்பிடி இருக்கிறீங்கள்?" என்று தொடங்குகிறார். அந்த ஒரு தாள் அம்மாவுக்குப் பெரிய ஆறுதல்.

---

மல்லாவி தாதி

அந்தத் தாள் ஒட்டுகிற வேலையை நாங்களும் செய்கிறோம். எல்லா இடத்திலும் செய்ய வேண்டும்.

ஏழு நிமிடம் குறைவு என்று எல்லாரும் எழுதுகிறீர்கள். கிளினிக் நாளில் எங்களிடம் ஒருவருக்கு முழுதாக ஏழு நிமிடம் கிடைத்தால் அது நல்ல நாள். விடிய ஐந்து மணிக்கு வீட்டால் வெளிக்கிட்டு, பஸ் மாறி, வெயிலுக்குள் நடந்து வருகிறார்கள். வாசலில் வரிசை நிற்கும். மத்தியான பஸ்ஸை விட்டால் அடுத்தது பின்னேரம். அந்த வரிசையில் இன்றைக்கு யாரை ஐந்து நிமிடத்தில் மருந்து எழுதி அனுப்பலாம், யாரை அனுப்பவே கூடாது என்று கண்டுபிடிப்பதும் ஒரு திறமை. எங்கள் டொக்டர் ஒருவருக்கு அது நன்றாக வரும். "மருந்து முடிஞ்சுது, எழுதித் தாங்கோ" என்று மட்டும் சொன்ன ஒரு ஐயாவை, முகத்தைப் பார்த்து, "கொஞ்சம் இருங்கோ" என்று பக்கத்தில் இருத்தினார். வரிசை முடிந்த பிறகு கதைத்தார். அன்றைக்கு அந்த ஐயா போயிருந்தால் திரும்பி வந்திருக்கமாட்டார்.

அதனால் சின்ன ஸ்டேஷன் பரீட்சையை முழுக்கத் தள்ளாதீர்கள். எங்கள் வாழ்க்கையே சின்ன ஸ்டேஷன்தான். ஆனால் அதில் கேட்கிற கேள்விகள் எங்கள் ஊருக்குப் பொருந்த வேண்டும். லண்டனில் தற்கொலை அபாயம் கேட்கிற ஸ்டேஷன் என்றால் பரசிட்டமோல் குளிசையைச் சுற்றித்தான் அநேகமாக இருக்கும் என்று ஒரு டொக்டர் சொன்னார். இங்கே முதலில் கேட்க வேண்டியது, வயலுக்கு அடிக்கிற மருந்துப் போத்தல் வீட்டில் எங்கே இருக்கிறது, அதைப் பூட்டி வைக்க யார் இருக்கிறார்கள் என்று. இந்த நாட்டில் 1995இல் உச்சத்தில் இருந்த தற்கொலை வீதம் இறங்கியதற்கு, கொடிய கிருமிநாசினிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தது ஒரு பெரிய காரணம். அது தெரிந்த பயிலுநர் அந்தக் கேள்வியை மறக்கமாட்டார்.

---

ஒட்டுசுட்டான்

நான் உளசமூகப் பணியாளர். மீள்குடியேற்றக் காலத்திலிருந்து இந்த வேலை. நேரம், நடிகர் எல்லாம் சரி, ஆனால் ஒருவரும் இன்னும் மொழியைப் பற்றிச் சொல்லவில்லை.

வன்னிக்கு வருகிற வைத்தியர்களில் பலருக்குத் தமிழ் தெரியாது. அவர்களைக் குறை சொல்லவில்லை, எங்கள் ஆட்கள் போக விரும்பாத இடத்துக்கு அவர்கள் வந்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்புக்கு யார் நிற்கிறார் என்றால், அந்த நேரம் கையில் வேலை இல்லாத சிற்றூழியர். என் முன்னால் நடந்தது: ஒரு அக்கா ஐந்து நிமிடம் கதைத்தார். புருஷன் சரணடைந்தது, பிறகு தேடித் திரிந்தது, முகாமில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது, இப்போது கதவு தட்டுகிற சத்தம் கேட்டால் மேல் நடுங்குவது. மொழிபெயர்த்தவர் வைத்தியரிடம் ஒரே வரியில் சொன்னார்: நித்திரை இல்லையாம். வைத்தியர் நித்திரைக்குக் குளிசை எழுதினார். தன் காதுக்கு வந்ததற்கு அவர் சரியான மருந்துதான் எழுதினார்.

மொழிபெயர்ப்பாளரை வைத்து நோயாளியிடம் கதைப்பது என்பதே ஒரு திறமை. எங்கே உட்கார வேண்டும், யாரைப் பார்த்துக் கேட்க வேண்டும், "அவர் ஐந்து நிமிடம் சொன்னாரே, நீங்கள் ஒரு வரி சொல்கிறீர்களே, மிச்சம் எங்கே?" என்று எப்படிக் கேட்பது. இதற்கு ஒரு ஸ்டேஷன் வையுங்கள். வடக்கில் வேலை செய்யப்போகிற ஒருவருக்கு மூளையின் நரம்புப் பாதையை விட இது முதலில் தேவை.

---

பரந்தன் பிள்ளை

அண்ணா, நீங்கள் சொன்ன பிறகுதான் என் உறுத்தல் எங்கே இருக்கிறது என்று எனக்கே பிடிபடுகிறது.

எனக்குத் தமிழ் தாய்மொழி. ஆனாலும் நான் படித்தது, பரீட்சை எழுதுவது எல்லாம் ஆங்கிலத்தில். நோயாளி தமிழில் சொல்கிறார், நான் ஆங்கிலத்தில் எழுதுகிறேன். அந்த இடைவெளியில் விழுந்து தொலைவது எவ்வளவு என்று நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

ஒரே ஒரு சொல்லை எடுங்கள்: யோசனை. புத்தகத் தமிழில் அது ஆலோசனை, திட்டம். எங்கள் சனம் "எனக்கு ஒரே யோசனை" என்றால் அது வேறு. கவலையும் இருக்கும், தலைக்குள் ஓயாமல் ஓடுகிற நினைவும் இருக்கும், சில நேரம் சாவைப் பற்றிய எண்ணமும் அதற்குள் ஒளிந்திருக்கும். நான் கொப்பியில் "கவலை" என்று எழுதினால் ஒரு நோய், "திரும்பத் திரும்ப வரும் நினைவு" என்று எழுதினால் இன்னொரு நோய். எது என்று அறிய, "என்ன மாதிரி யோசனை அம்மா, எந்த நேரம் வரும்?" என்று அவருடைய சொல்லாலேயே திருப்பிக் கேட்க வேண்டும். பெருமூச்சு, நெஞ்சுக்குள் அடைப்பு, மண்டை விறைப்பு, கை கால் உளைவு எல்லாமே இப்படித்தான். மனச்சோர்வு என்ற சொல்லை ஒரு நோயாளி வாயிலிருந்து நான் இன்றுவரை கேட்கவில்லை.

"விசர்" என்ற சொல் இன்னொரு பக்கம். "எனக்கென்ன விசரே?" என்று கோபித்துக்கொண்டு எழும்பிப் போனவர்கள் இருக்கிறார்கள். குரல் கேட்கிறதா என்று கேட்பதற்கு முன்னால் அந்தப் பயத்தை எப்படி எடுப்பது என்பதை எனக்கு ஒரு புத்தகமும் சொல்லித் தரவில்லை. ஒரு மூத்த தாதி அக்காதான் சொல்லித் தந்தார்.

லோங் கேஸ் திரும்பி வந்தாலும் நான் இதை ஆங்கிலத்தில்தான் சொல்லப்போகிறேன். காஸ்க்கிலும் ஆங்கிலத்தில்தான் கேட்கப்போகிறேன். அது அந்த நாட்டுப் பரீட்சை, அங்கே அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் இங்கே நான் தமிழில் எப்படிக் கேட்கிறேன் என்பதை என் பயிற்சி முழுவதிலும் யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்து கேட்டு, "இது சரி, இது பிழை" என்று சொல்ல வேண்டாமா?

---

வவுனியா மாணவன்

இடையில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் இறுதி வருட மருத்துவ மாணவன், உளமருத்துவத்தில் விருப்பம். தாள் ஏ, தாள் பி இரண்டிலும் என்ன வரும் என்று யாராவது சொல்ல முடியுமா?

---

பரந்தன் பிள்ளை

இரண்டிலும் 150 கேள்விகள், மூன்று மணித்தியாலம். ஏ என்பது அடிப்படை அறிவு: மனித நடத்தை, மூளை, மருந்தியல், நோய்களை வகைப்படுத்தல். பி என்பது சிகிச்சை. அதோடு மூன்றில் ஒரு பங்குக் கேள்விகள் ஆய்வுக் கட்டுரைகளையும் புள்ளிவிவரத்தையும் துருவிப் பார்க்கத் தெரியுமா என்று சோதிக்கும். இவை பிள்ளைகளுக்குப் பெரிய சிக்கல் இல்லை, இருந்து படித்தால் வரும். பரீட்சைக் கட்டணம் நம் சம்பளத்துக்குப் பெரிய சுமை, அதை முதலே யோசித்து வையுங்கள். அதைவிட, இப்போதே கிளினிக்கில் ஒரு மூலையில் போய் இருந்து சனம் கதைப்பதைக் கேளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

---

பனங்காமத்தான்

பிள்ளை, நீ கடைசியாகக் கேட்ட கேள்விக்கு அங்கே ஒரு பதில் வைத்திருந்தார்கள். லோங் கேஸை எடுத்த அதே காலத்தில் வேலைத்தள மதிப்பீடு என்ற ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மூத்த வைத்தியர் அறைக்குள் உட்கார்ந்து, பயிலுநர் உண்மையான நோயாளியை முழுமையாகப் பார்ப்பதைக் கவனித்து, படிவம் நிரப்பி, பிறகு இருவரும் அதைப் பற்றிக் கதைக்க வேண்டும். பரீட்சை மண்டபத்தில் இருந்த லோங் கேஸை வார்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள் என்று சொல்லலாம். பழைய முறையில் இல்லாத ஒன்று இதில் உண்டு: நீ கேட்பதை ஒருவர் கண்ணால் பார்க்கிறார். நோயாளிக்கும் புதிதாக ஒரு தடவை கதை சொல்கிற பாரம் இல்லை, எப்படியும் அன்றைக்கு நீ பார்க்க வேண்டியவர்தான். விசுவமடுத் தம்பியின் கேள்விக்கும் இது பாதிப் பதில்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நடிகர் வைத்த பரீட்சை எல்லாருக்கும் ஒரே மாதிரி என்று மேலே நான்தான் எழுதினேன். அதிலும் சந்தேகம் வந்தது. பிரித்தானியாவில் குடும்ப வைத்தியர்களுக்கான பரீட்சையிலும் இதே மாதிரி நடிகர்களோடு ஒரு பகுதி உண்டு. அதில் அங்கேயே படித்த வெள்ளையர் அல்லாத வைத்தியர்கள்கூட முதல் தடவையில் தவறுவது வெள்ளையர்களை விட மிக அதிகம் என்று 2013இல் ஆய்வு வந்தது. இந்திய வம்சாவளி வைத்தியர்களின் சங்கம் வழக்குப் போட்டது. 2014இல் நீதிமன்றம் பரீட்சை சட்டத்துக்கு முரண் இல்லை என்று தீர்த்தது, ஆனால் அந்த இடைவெளியைக் குறைக்கப் பரீட்சையை நடத்தும் கல்லூரி ஏதாவது செய்ய வேண்டும் என்றும் நீதிபதி சொன்னார். ஏழு நிமிடத்தில் ஒருவரைப் பார்த்து, "இவர் கனிவானவர்" என்று பரீட்சகர் எதை வைத்து முடிவெடுக்கிறார்? குரல், கண் பார்வை, தலை அசைப்பு. எங்கள் ஊரில் மரியாதைக்குக் கண்ணைத் தாழ்த்துவோம். அங்கே அதைத் தன்னம்பிக்கை இல்லை என்று எழுதலாம்.

---

பரந்தன் பிள்ளை

ஐயா, வேலைத்தள மதிப்பீடு நல்ல முறைதான், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அது நடக்க ஒரு மூத்த வைத்தியர் ஒரு மணித்தியாலம் எனக்குப் பக்கத்தில் சும்மா இருக்க வேண்டும். மல்லாவி அக்கா சொன்ன வரிசையை நினைத்துப் பாருங்கள். அந்த வரிசை நிற்கும்போது கொன்சல்டன்ட் எப்படி ஒரு மணித்தியாலம் என்னோடு இருப்பார்? 2022க்குப் பிறகு எத்தனை வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். இருக்கிறவர்கள் இரண்டு பேரின் வேலை செய்கிறார்கள். ஆள் இல்லாத இடத்தில் படிவம் மட்டும் நிரம்பும். ஒரு இடத்தில், ஊர் சொல்லமாட்டேன், ஒருநாளும் பார்க்காத நேர்காணலுக்குக் கையெழுத்து வாங்கியதை நேரில் கண்டிருக்கிறேன். கையெழுத்துப் போட்டவர் கூடாதவர் இல்லை, மூன்று இரவு நித்திரை இல்லாமல் நின்றவர்.

---

மல்லாவி தாதி

பக்கத்தில் இருந்து பார்க்கிறவர் கொன்சல்டன்டாகத்தான் இருக்க வேண்டுமா? நாங்கள் இருபது வருடமாகப் பக்கத்தில்தான் நிற்கிறோம். தமிழ் பழகி வந்த ஒரு சிங்கள டொக்டர் ஒவ்வொரு கிளினிக் முடிவிலும் என்னிடம், "மிஸ், இன்றைக்கு நான் எந்தச் சொல் பிழையாகச் சொன்னேன்?" என்று கேட்பார். ஆறு மாதத்தில் அவர் "யோசனை" என்ற சொல்லை எங்களை விட நன்றாகப் பிடித்துக்கொண்டார். போகும்போது அம்மாக்கள் பலகாரம் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

---

ஒட்டுசுட்டான்

இதற்கு நூறு தரம் ஆமாம். தாதி, உளசமூகப் பணியாளர், ஏன் நோயாளியின் குடும்பத்தவரும்கூட. மதிப்பீட்டுப் படிவத்தில் அவர்களுக்கு ஒரு இடம் வையுங்கள்.

---

வற்றாப்பளை

நான் கூத்துக்காரன். எங்கள் பகுதியில் கோவலன் கூத்து தலைமுறையாக ஆடுகிறோம், நானும் சின்ன வயதிலிருந்து ஆடுகிறேன். நடிகர் நோயாளியாக நடிக்கிறார் என்று வாசித்தேன். தமிழில் அப்படி யாராவது வேண்டுமென்றால் நாங்கள் இருக்கிறோம். காசுக்காகக் கேட்கவில்லை.

ஒரு சந்தேகம் மட்டும். வைகாசிப் பொங்கலுக்குக் கோயிலில் உரு வந்து ஆடுகிறவர்களைப் பார்த்து வெளியூர் வைத்தியர் ஒருவர் அதையும் நோய் என்றார். அது நோயா?

---

பரந்தன் பிள்ளை

அண்ணை, கோயிலில், ஊர் ஏற்றுக்கொண்ட முறையில், அந்த நேரத்துக்கு மட்டும் வருகிற உரு நோய் அல்ல. 2022இலிருந்து நடைமுறையில் இருக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியலே அதைத் தெளிவாகப் பிரித்துச் சொல்கிறது. ஆளுடைய விருப்பத்துக்கு மாறாக, கோயிலுக்கு வெளியே, வேலை வெட்டியைக் குழப்பி, அவருக்கே துன்பமாக வந்தால்தான் வைத்தியர் பார்க்க வேண்டும். இது ஒரு அருமையான ஸ்டேஷன். ஒரு தாய் மகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார், "இவளுக்கு அம்மன் வருகுது" என்கிறார். பயிலுநர் என்ன கேட்பார்?

அதே பட்டியலில் நீடித்த துயர் என்றும் ஒரு நோய் சேர்த்திருக்கிறார்கள். இறப்புக்குப் பிறகு ஆறு மாதத்துக்கு மேல், அந்தச் சமூகத்தின் வழக்கத்தையும் மீறித் துயரம் வாட்டினால் அப்படிச் சொல்லலாம். என் கிளினிக் அம்மாவை அதில் எங்கே வைப்பது? மகன் இறந்தான் என்று ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசாமி கோயிலுக்கு முன்னால் போராட்டத்தில் உட்கார்ந்த, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாக்கள் கேட்டதும் அந்த ஒரு பதிலைத்தானே? கோப்பையில் சோறு எடுத்து வைப்பதை நான் மாயநம்பிக்கை என்று எழுதினால் அது பெரும் பிழை. வந்தால் சாப்பிட வேண்டும் என்று வைக்கிறார், அவ்வளவுதான். பவுலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இப்படியான நிலைக்கு "முடிவு தெரியாத இழப்பு" என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் போர் நடந்த காலத்திலேயே, இது தனி ஆளின் நோய் மட்டுமல்ல, ஊருக்கே பட்ட காயம் என்று எழுதினார்கள். பல தெரிவுக் கேள்வியில் ஒரு விடையைச் சுற்றி அடைக்க முடியாத விடயம் இது. ஆனால் என்னிடம் வருகிறவர்களில் அநேகம் பேர் இந்த அம்மா மாதிரித்தான்.

---

பனங்காமத்தான்

கூத்துக்காரத் தம்பி சொன்னது எனக்கு நெஞ்சில் பட்டுவிட்டது. நான் லண்டனில் பரீட்சகர்களோடு வேலை செய்த அனுபவத்தில் இரண்டு விடயம் சொல்கிறேன், குறித்து வையுங்கள்.

நடிப்பவருக்குக் கதை முழுக்க எழுதிக் கொடுக்க வேண்டும்: வயது, ஊர், குடும்பம், எந்தக் கேள்விக்கு வாய் திறப்பார், எதற்கு மூடிக்கொள்வார். "மாடு கறக்குதில்லை" என்று தொடங்கி, மாட்டைப் பற்றி அக்கறையாகக் கேட்கிற பயிலுநருக்கு மட்டும் மகனைச் சொல்கிறவராக எழுதலாம். இங்கே ஏழு நிமிடம் வேண்டாம், இருபது வையுங்கள். உங்கள் பரீட்சை, உங்கள் மணி.

இரண்டாவது, அது இன்னும் முக்கியம். நடிப்பவரும் வன்னிக்காரர். அவர் வீட்டிலும் ஒரு இழப்பு இருக்கும். அவருடைய சொந்தக் கதைக்குக் கிட்டப் போகிற பாத்திரத்தை ஒருநாளும் கொடுக்காதீர்கள். ஆட்டம் முடிந்ததும் பாத்திரத்தைக் கழற்றி வைக்க நேரம் கொடுத்து, தேத்தண்ணி கொடுத்து, அவரோடு கதைத்துவிட்டு அனுப்புங்கள்.

---

வற்றாப்பளை

விளங்குது ஐயா. எங்கள் அண்ணாவியாரும் கூத்து முடிந்தால் வேஷத்தைக் கலைத்து, முகம் கழுவி, கோயிலில் கும்பிட்ட பிறகுதான் வீட்டுக்குப் போக விடுவார்.

---

விசுவமடு மகன்

அம்மாவிடம் இந்த இழையை வாசித்துக் காட்டினேன். நடிக்கிற ஆளுக்குக் கதை எழுதும்போது தன்னையும் கேட்கச் சொன்னார். தன்னுடைய கதையைச் சொல்லமாட்டாராம். ஆனால் ஒரு டொக்டர் எப்படிக் கேட்டால் தனக்குக் கதைக்க மனம் வரும், எப்படிக் கேட்டால் வாய் பூட்டிக்கொள்ளும் என்று சொல்லுவாராம். "கொப்பியைப் பாக்காமல் என்ர முகத்தைப் பாக்கச் சொல்லு" என்பது முதலாவதாம்.

---

பரந்தன் பிள்ளை

தம்பி, அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் விரும்பினால் மட்டும், அவர் வீட்டிலேயே, நான் வந்து கேட்கிறேன்.

கொழும்பில் பரீட்சையை மாற்ற எங்களால் இப்போது முடியாது. அதற்கு ஒரு கடிதம் எழுதலாம், ஐயா உதவுவார் என்று நம்புகிறேன். அதுவரை நாங்கள் பயிலுநர்கள் நாலு பேர் இருக்கிறோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை கிளிநொச்சியில் கூடலாம். மூன்று கதை போதும்: மாட்டுக்கார அம்மா, அம்மன் வருகிற பிள்ளை, மருந்து எழுதித் தரச் சொல்லி அவசரப்படுகிற ஐயா. இரண்டுக்கு இருபது நிமிடம், கடைசி ஒன்றுக்கு மட்டும் ஏழு. ஒரு தடவை மொழிபெயர்ப்பாளரோடு. முழுக்கத் தமிழில். பக்கத்தில் ஒரு தாதி, ஒரு உளசமூகப் பணியாளர். வவுனியா மாணவன், நீங்களும் வாருங்கள், ஒரு மூலையில் இருந்து பாருங்கள்.

---

மல்லாவி தாதி

எனக்கு வருகிற சனி லீவு. ஏ9ஆல் வருகிற முதல் பஸ்ஸைப் பிடித்தால் ஒன்பதுக்கு முன்னால் நிற்பேன். அறைக்கு யாரிடம் கேட்க வேண்டும்?

---

முறிகண்டி

எங்கள் பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை இரண்டு வகுப்பறை சும்மா இருக்கும். அதிபரிடம் நாளைக்கே கேட்கிறேன். மரத்துக்குக் கீழே உள்ள வகுப்பறை அமைதியானது, வாங்கில் உட்கார்ந்து கதைக்கலாம். தேத்தண்ணி நான் பார்த்துக்கொள்கிறேன்.